ஜீப்பைத் தொட விடாத அத்தை

எங்கள் அத்தை பக்கத்து வீட்டில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலை கேட்டு நான் பார்த்ததில்லை. குழம்பு கொதிக்கிற நேரத்தில் கறிவேப்பிலை இல்லையென்றால் அன்றைக்குக் கறிவேப்பிலை இல்லாத குழம்புதான். "அதுவும் ஒரு ருசிதான், பேசாமத் தின்னு சாமி" என்பார். என் அப்பாவுடைய தங்கை. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். மாமா இறந்துபோன பிறகு கொடிக்காலையும், ஒரே மகளையும், மாமா விட்டுப்போன பழைய பெட்ரோல் ஜீப்பையும் தனியாளாகவே கட்டிக் காப்பாற்றினார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சொந்தத்தில் யாரையும் கேலி பேசாமல் விட்டதில்லை, அத்தையை மட்டும் விடுவேனா? "ஏனுங்கத்தை, காவேரியில முங்குனாக்கூடக் கையத் தூக்க மாட்டீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "நீச்சல் தெரியாதவ எதுக்கு ஆத்துல எறங்கறா?" என்றார். முறைப்படி தன் மகளுக்கு என்னைக் கேட்பார் என்று சொந்தமெல்லாம் எதிர்பார்த்தது. எங்கள் அப்பாவும் தங்கச்சி வாயைத் திறக்கட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தார். அத்தை கேட்கவில்லை. கரூரில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான், என் வாயை அந்தப் பெண்ணால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க முடியாது.

இந்தப் பிடிவாதம் பிறவியிலேயே வந்ததல்ல. மாமா போன புதிதில் பங்காளி ஒருவர் வந்து ஜீப்பை ஓட்டிக்கொடுத்தார். காலையில் வெற்றிலைச் சுமைகளை ஏற்றிக்கொண்டு போய் வேலூர் ஏலத்தில் இறக்கிவிட்டு வருவார். ஓட்டியது மூன்று மாதம், அதைச் சொன்னது மூன்று வருடம். காதுகுத்து, சீர், எழவு என்று எங்கே நாலு பேர் உட்கார்ந்தாலும், "நான் மட்டும் வண்டி ஓட்டிக் குடுக்கலீன்னா அந்தப் பொம்பள கதி என்னாயிருக்கும்?" என்று ஆரம்பித்துவிடுவார். அத்தை பந்தியில் பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறார். முகம் மாறாது. வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "வாங்குனது தீந்துரும் சாமி. சொல்லு தீராது."

நாலாவது மாதமே ஜீப்பைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். வாய்க்கால் கரையில் முன்னாலும் பின்னாலும் ஓட்டி ஓட்டி, இரண்டு தென்னம்பிள்ளையைச் சாய்த்துப்போட்டுக் கற்றுக்கொண்டார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார், ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாதே. ஒருநாள் ஏலத்துக்குப் போகிற வழியில் பாலத்தின் மேல் ஜீப் நின்றுவிட்டது. யாரோ சொல்லி ஒரு மெக்கானிக் வந்தார். வந்தவர் வண்டியைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்து, "ஊட்டுல ஆம்பளையாளு யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கம்மா, அவங்ககிட்டப் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தார். பானெட்டைத் திறந்து ஒரு கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே எதையோ எமரித் தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்து மூடினார். வண்டி கிளம்பிவிட்டது. அதற்குள் வெயிலில் வெற்றிலை வதங்கி, ஏலமும் முடிந்திருந்தது.

"அஞ்சு நிமிசத்து வேலை. அதுக்கு அஞ்சு மணி நேரம் நின்னேன்" என்றார் அத்தை. ஆனால் சும்மா நிற்கவில்லை, அந்த ஆள் செய்ததை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த வாரமே திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கிற கடை என்னுடையது. பெட்ரோல் ஜீப்புச் சாமான் என்னிடம் இல்லை, சேலத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டன்சர், ஒரு ரோட்டர். "நான் வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போறேனுங்கத்தை" என்றேன். பொருளை மடியில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கறுப்பு மூடிக்குக் கீழே இருப்பதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து நாலு தோட்டத்துக்குத் திருப்பிவிடுகிற மாதிரி, நாலு பிளக்குக்கும் முறைவைத்து மின்பொறியைப் பங்குபோட்டுக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே குன்றிமணியை விடச் சிறியதாக இரண்டு உலோகப் பொட்டுகள் ஒட்டி ஒட்டி விலகும். அதைத்தான் பாயிண்ட் என்பார்கள். அது கரி பிடித்தாலோ, இடைவெளி நூலளவு கூடிக் குறைந்தாலோ வண்டி கிளம்பாது. மூடியின் தலையில் நாலு பிளக்குக்கும் நாலு வயர் போகும். அந்த வயர்களை எடுத்த இடத்திலேயே திரும்பச் செருக வேண்டும், மாற்றிச் செருகினால் வந்தது வினை.

அத்தை முதல்முறையாகக் கை வைத்தபோது மூடியைத் துடைக்கிற ஆர்வத்தில் நாலு வயரையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டார். எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. குத்துமதிப்பாகச் செருகிச் சாவியைத் திருகியிருக்கிறார். சைலன்சரில் வெடித்த வெடியில் ஊர்க் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. சனம் கூடியது. கூடியவர்களை வெளியே தள்ளி, ஜீப் நிறுத்தும் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டார். யாரோ எனக்குப் போன் செய்ய, நான் பைக்கை விரட்டிக்கொண்டு போனேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "அத்தை, நான் வந்திருக்கறனுங்க. கதவத் தெறங்க" என்றேன்.

"அடுப்புல டீ வெச்சிருக்குது. குடிச்சுப்போட்டு இரு."

"வயரு வரிசை எனக்குத் தெரியுமுங்க. சொல்றேன், அப்படியே செருகுங்க. ஒண்ணு, அப்பறம்..."

"சொல்லிப்போடாத சாமி!" உள்ளேயிருந்து ஒரு கத்தல். "சொன்னீன்னா நீ சொன்னதா ஆயிரும்!"

டமார் என்று இன்னொரு வெடி. நான் வாசலில் உட்கார்ந்து டீயைக் குடித்தேன். ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே முணுமுணுப்புக் கேட்கும், பிறகு வயர் பிடுங்குகிற சத்தம். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற அந்த வரிசை நாக்கு நுனியில் நின்று என்னைப் படாத பாடு படுத்தியது. பொழுது சாய்கிற நேரத்துக்கு ஜீப் சீராக ஓடியது. கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தார். மூக்கிலும் கன்னத்திலும் கரி. என் வாழ்நாளில் அத்தை அப்படிச் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாளே நாலு வயருக்கும் நாலு நிறத்தில் நூல் சுற்றி அடையாளம் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் அமாவாசையன்று அந்த வேலை நடக்கும். அன்றைக்குக் கொடிக்காலில் ஆள் இறங்க மாட்டார்கள். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, மட்கார்டின் மேல் துண்டு விரித்து, கழற்றுகிற சாமானைக் கழற்றிய வரிசையில் அடுக்குவார். பாயிண்டைச் சீரோ நம்பர் எமரித் தாளில் தேய்த்துப் பெட்ரோல் துணியால் துடைப்பார். கிரீஸ் வைக்கிற இடத்தில் விரல் நுனியால் ஒரே ஒரு தொடல். "வெத்தலைக்குச் சுண்ணாம்பு வெக்கற அளவுதான். கூடுச்சுன்னா வாய் வெந்துரும்" என்பார். இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கிற தகட்டை நான் வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை விரல் அகலத்துக்கு வெட்டி வைத்திருந்தார். அதைப் பொட்டுகளுக்கு நடுவில் விட்டுத் திருகை முடுக்குவார். "இழுத்தா வரோணும், உட்டா நிக்கோணும். அவ்வளவுதான் கணக்கு." சொந்தக்காரர்களையும் அத்தை அந்த இடைவெளியில்தான் வைத்திருந்தார் என்று நான் கிண்டல் செய்வேன்.

மழைக்காலத்தில் வாய்க்கால் ஈரம் மூடிக்குள் புகுந்துகொள்ளும். அப்போது மூடியைக் கழற்றிக்கொண்டு போய் அடுப்பு மேட்டில் பால் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். காபிக்குப் போனால் சர்க்கரை டப்பாவையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ஒன்றாகப் பார்க்கலாம். வெற்றிலை ஏற்ற மினி ஆட்டோக்கள் வந்த பிறகும் ஜீப்பை விற்கவில்லை. மருமகன் புதுக் கார் வாங்கித் தருவதாகச் சொன்னார். "அதுக்கு ஒண்ணு வந்தா கம்ப்யூட்டரக் கொண்டாந்து பாக்கோணுமாம். நான் யாரைப் போயிக் கூப்புடறது?" என்று மறுத்துவிட்டார்.

கேட்க மாட்டாரே தவிர, கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பிரசவ வலி, பாம்புக்கடி, பரீட்சைக்கு நேரமாகிவிட்ட பிள்ளைகள், யார் வந்து நின்றாலும் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். மூன்று வருடம் சொல்லித் திரிந்தாரே, அந்தப் பங்காளியின் பேரனைத் தேள் கொட்டியபோது, சோற்றில் கை வைத்த அத்தை அப்படியே எழுந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். அதைப் பற்றி எங்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "நீங்களும் ஒரு மூணு வருசம் சொல்லுங்கத்தை" என்றேன். "சீ, போ" என்றார்.

இனிச் சொல்ல வேண்டியது எனக்குச் சொல்லப் பிடிக்காதது.

போன ஐப்பசி. கடையில் நல்ல கூட்டம். ரிக் லாரிக்காரர்கள் நாலைந்து பேர் சாமானுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அத்தையின் போன் வந்தது. எப்போதும் நாங்கள்தான் கூப்பிடுவோம், அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

"சாமி, வேலையா இருக்கறயா?"

"சொல்லுங்கத்தை."

"ஒண்ணுமில்ல. ஜீப்பு கெளம்ப மாட்டீங்குது. பாயிண்ட் பாக்கோணும். நீ ஒரு நடை வந்துட்டுப் போறயா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருடமாகத் தொட விடாத ஜீப். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கடைப் பையன்களையும் லாரிக்காரர்களையும் பார்த்து, "எங்கத்தை ஒத்தாசை கேக்கறாங்கப்பா! எல்லாரும் கொடை எடுத்துக்கங்க, மழை பிச்சுக்கிட்டுக் கொட்டப்போவுது!" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள்.

அத்தை போனில், "செரி சாமி. நானே பாத்துக்கறேன். நீ வேலையப் பாரு" என்றார்.

"அட, ஞாயித்துக்கெழமை வாரேனுங்கத்தை" என்றேன். அதற்குள் வைத்துவிட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் ஒரு கல்யாணம், அத்தை வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதான் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாரே, எப்போதும் போலப் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு கழிந்து வந்த வியாழக்கிழமை கொட்டகையில் விழுந்துகிடந்தார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கொடிக்காலில் வேலை செய்கிற அம்மா ஒருவர் வராந்தாவில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "மூணு வாரமா அவங்களுக்குச் சோத்துக் கை மரத்து மரத்துப் போச்சுங்க. தம்ளரு நிக்காது. யாருகிட்டயும் சொல்லிப்போடாதீன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸுல போலாமுங்கன்னேன். கம்பியப் புடிக்க முடியாது, எவளாச்சும் புடிச்சு ஏத்தோணும், வேண்டாம்னுட்டாங்க" என்றார். முதலில் கை மரத்தபோதே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். அத்தை தன் கையைப் பற்றிக் கேட்கத் தெரியாமல் பாயிண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பாயிண்ட் பார்க்கப் போயிருந்தால் நான் அந்தக் கையைப் பார்த்திருப்பேன். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கரூரிலிருந்து மகள் வந்து கூடவே இருந்தாள். நான் முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது நேராகக் கொட்டகைக்குத்தான் போனேன். அத்தை முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அவர் கேட்ட வேலையைச் செய்துவிட்டாவது போகலாம் என்று நினைத்தேன்.

பானெட் திறந்தபடியே இருந்தது. மட்கார்டில் துண்டு, துண்டின் மேல் மூடி. உள்ளே பார்த்தேன். பாயிண்டைப் பிடித்திருக்கிற சின்னத் திருகின் தலை தேய்ந்து மொழுக்கையாகியிருந்தது. அதைச் சுற்றித் தகடு முழுக்க ஸ்குரூ டிரைவர் வழுக்கி வழுக்கி இழுத்த கீறல்கள். ஒன்றல்ல, பத்தல்ல. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்த கோடுகள். இடது கையால் முயன்றிருக்கிறார். ஒரு நாளில் விழுந்த கீறல்களாகவும் தெரியவில்லை, சிலதில் துரு கூடுதலாக ஏறியிருந்தது. நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமையும் இங்கே நின்று அந்தத் திருகோடு மல்லுக்கட்டியிருப்பார். நான் அந்த ஜீப்பின் பம்பரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பிறகு திருகை மாற்றி, பாயிண்டைத் தேய்த்து, இடைவெளி வைத்து, மூடியை மாட்டினேன். சாவியைத் திருகியதும் கிளம்பியது. சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தாள். "அம்மாவுக்குக் கேட்டிருச்சு மச்சான். கண்ணத் தொறந்து பாக்கறாங்க" என்றாள். பிறகு குரலை இறக்கி, "என்ற கையில ஒரு வாய் வாங்க மாட்டீங்கறாங்க. ஊட்டுனா பல்லக் கடிச்சுக்கறாங்க. பீச்சாங்கையில சாப்புடவும் மனசு வல்ல. இப்படியே போனா திரும்ப மூக்குல குழா போடோணும்கறாங்க டாக்டரு" என்றாள்.

உள்ளே போனேன். பாதியாகிப் போயிருந்தார். என்னைப் பார்த்தார், பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கட்டிலோரம் கஞ்சிக் கிண்ணம் ஆறிக்கிடந்தது. ஒரு ஸ்பூன் எடுத்துக் கொண்டுபோனேன். வாயை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். இல்லீன்னு சொல்லிப்போடாதீங்க" என்றேன். "எனக்காக ஒரு வாய் வாங்கிக்குங்க. இதுல நான் உங்களுக்குக் குடுக்கறது ஒண்ணுமில்லீங்க. நீங்கதான் எனக்குக் குடுக்கறீங்க. நாளைக்கு நாலு பேரு முன்னால, எங்கத்தை நான் கேட்டதும் குடுத்தாங்கன்னு நாந்தான் சொல்லித் திரியோணும்."

முகம் மெதுவாகத் திரும்பியது. ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். பாதிக் கிண்ணம் இறங்கியது. வாசற்படியில் நின்றிருந்த மகள் சத்தமில்லாமல் அழுதாள்.

அதற்குப் பிறகு மகளும் அப்படியே கேட்கப் பழகிக்கொண்டாள். "அம்மா, எனக்கு ஒரு வாய் குடுங்க" என்று சொல்லித்தான் ஊட்டுவாள். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் கடைசிவரை வாங்கிக்கொண்டார். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். போகிற வழியெல்லாம் மனசுக்குள் இன்னொன்றைக் கேட்டுப் பார்த்துக்கொண்டே போவேன். 'அன்னைக்கு நான் சிரிச்சுப்போட்டேன், மன்னிச்சுக்குங்கத்தை.' இவ்வளவுதான். கேட்டால் அதையும் தந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஒரு தலையசைப்பில் தந்துவிடுவார். அவ்வளவு சுலபமாக அதை வாங்கிக்கொண்டு எழுந்துவர எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்து நினைத்துக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுவேன். தை மாதம் ஒரு புதன்கிழமை காலையில், அத்தை போய்விட்டதாக மகள் போன் செய்தாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட நான் அதைக் கேட்கவில்லை.